ஷார்ஜா சன்னலில் நனைத்த சேலை

1

போன வெள்ளிக்கிழமை எங்கள் மகளுக்கு மூன்று வயது முடிந்தது. கேக் வாங்கலாமென்று அவளைத் தூக்கிக்கொண்டு பேக்கரிக்குப் போனேன். கேக்கோடு கதவைத் திறந்து வெளியே கால் வைத்ததுதான் தாமதம், என் மூக்குக்கண்ணாடி இரண்டு பக்கமும் மோர் தெளித்ததுபோல் வெளுத்துவிட்டது. ஒரு கையில் மகள், மறு கையில் கேக். துடைக்கக் கை இல்லாமல் நடைபாதையில் அப்படியே நின்றேன்.

"பப்பா அந்தா ஹோ கயா!" என்று மகள் கைகொட்டிச் சிரித்தாள். அப்பா குருடாகிவிட்டாராம்.

ஷார்ஜாவில் கோடைக்காலத்தில் இது தினப்படி நடப்பது. கடைக்குள் இருந்தவரை கண்ணாடி சில்லென்று இருக்கும். வெளியே காற்று முழுக்கக் கடலின் ஈரம். ஐஸ் போட்ட டம்ளரின் வெளிப்புறம் வேர்ப்பதுபோல் கண்ணாடியும் வேர்த்துவிடும். அது எனக்குப் பழகிவிட்டது. மகள் சொன்ன வார்த்தைகள்தான் உறைத்தன. எங்கள் அடுக்ககத்துக் குழந்தைகள் ஒன்றுகூடினால் பேச்சு இந்தியில்தான். வீட்டில் நாங்கள் இருவரும் எவ்வளவு தமிழ் பேசினாலும், அவளுக்குத் தண்ணீர் 'பானி'தான், பூனை 'பில்லி'தான்.

டெலிபோன் கார்டு வாங்கிக் கோவைக்குப் பேசும் நாளில் பெரிய வேடிக்கையாக இருக்கும். கணபதியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வொர்க் ஷாப்பில் எங்கள் அம்மா ஃபோனுக்காகக் காத்திருப்பாள்.

"ஏஞ்சாமி, சோறு உண்டயா?"

"கா லியா!"

"என்ன கண்ணு சொல்லுது எம்புள்ள?"

"சாப்புட்டுட்டாளாமுங்கம்மா."

"அதையேன் இத்தன கோவமாச் சொல்லுது?"

பெற்ற தாய்க்கும் பெற்ற மகளுக்கும் நடுவில் நான் மொழிபெயர்ப்பாளன். வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் இந்தப் பிறந்தநாள் வரும்போதெல்லாம் அந்த வருத்தத்தைவிடப் பெரிதாக வேறொன்று வந்து மனத்தில் உட்கார்ந்துகொள்கிறது. இவள் பிறந்தபோது நடந்ததை ஊர்க்காரர்களுக்கு எழுத வேண்டுமென்று நினைத்து மூன்று வருடம் ஓடிவிட்டது. இப்போது எழுதிவிடுகிறேன்.

2

அதற்கு முன் என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லீவுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம், "ஏப்பா, அங்க ஏசி ரிப்பேரா பாக்கறே?" என்று யாராவது கேட்பார்கள். "ஆமாங்க" என்று சொல்லிவிடுவேன். ஏசியை எங்கே வைப்பது, எத்தனை பெரியதாக வைப்பது, அதிலிருந்து எத்தனை காற்று எந்த அறைக்குப் போகவேண்டும் என்று கணக்குப் போட்டு வரைகிற வேலை என்று சொன்னால், "அதுக்கெதுக்குப்பா இஞ்சினியரு?" என்ற அடுத்த கேள்வி வரும்.

எதற்கு என்றால், ஒரு காகிதத்தைப் படிப்பதற்கு. சைக்ரோமெட்ரிக் சார்ட் என்று அதற்குப் பெயர். நான் ஈரக்காற்றுப் படம் என்று சொல்லிக்கொள்வேன். ஒரு பெரிய தாள். கீழே இடமிருந்து வலமாகப் போகப் போகச் சூடு ஏறும். வலது ஓரத்தில் கீழிருந்து மேலே போகப் போகக் காற்றில் கரைந்திருக்கும் தண்ணீர் ஏறும். இடது பக்கத்தில் கீழிருந்து மேலே வளைந்து எழும்பும் ஒரு கோடு. அந்த வளைகோடுதான் எல்லை. அதைத் தொட்டுவிட்ட காற்றால் இன்னொரு சொட்டுத் தண்ணீரைத் தாங்க முடியாது.

எந்த ஊர்க் காற்றுக்கும் அந்தத் தாளில் ஒரு புள்ளி இருக்கிறது. வளைகோட்டிலிருந்து தள்ளி வலது பக்கம் கிடக்கும் புள்ளி என்றால், தாகம் எடுத்த காற்று. ஈரத்துணியைக் காட்டினால் உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சும்போது சூடும் தணியும். கோட்டை ஒட்டிக் கிடக்கும் புள்ளி என்றால், வயிறு நிறைந்த காற்று. அதனிடம் போய் ஈரத்துணியைக் காட்டிப் பயனில்லை.

கல்லூரியில் முதலில் அந்தத் தாளை விரித்தபோது எனக்குச் சிலந்தி வலையைப் பார்ப்பதுபோல் இருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் துடியலூர்ப் பக்கம் தோட்டங்களில் பண்ணையம் பார்த்தவர்கள். நான் பிறந்த பிறகு கணபதிக்குக் குடிவந்து, அப்பா ஃபவுண்டரிக்குப் போனார், அம்மா நூல் மில்லுக்குப் போனாள். கோடுகளுக்குள் நான் தொலைந்துபோய் உட்கார்ந்திருந்த அந்த வாரம் நல்ல சித்திரை வெயில். எங்கள் வீடு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பகல் ஷிப்ட் இல்லாத நாளில் அம்மா பழைய சேலையைத் தண்ணீரில் முக்கிப் பிழியாமல் சன்னலில் கட்டிவிடுவாள். தரையிலும் ஒரு சொம்புத் தண்ணீர் தெளிப்பாள். பாலக்காட்டுப் பக்கமிருந்து வரும் காற்று அந்தச் சேலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும்போது உடம்பு சிலிர்க்கும். நம் பக்கத்தில் யாருக்குத் தெரியாது இது? கூரைமேல் சாக்கை நனைத்துப் போடாத வீடு எது?

அந்தச் சன்னலுக்குக் கீழே தாளை விரித்து வைத்துக்கொண்டு படுத்திருந்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது. வெளியே இருக்கும் காற்று தாளில் இந்த இடம். சேலைக்குள் புகுந்து வந்தால் இந்தச் சாய்வுக்கோட்டின் வழியே இடது பக்கம் மேலே ஏறி இந்த இடம். சூடு குறைகிறது, ஈரம் கூடுகிறது. அவ்வளவுதான்! எழுந்து உட்கார்ந்து சிரித்தேன். "என்றா, பரீச்சைல கேள்வி அவுட் ஆயிருச்சா?" என்று அப்பா கேட்டார்.

படிப்பு முடிந்ததும் மில்களுக்கு ஈரக்காற்று அனுப்பும் பிளான்ட் போடுகிற ஒரு கம்பெனியில் வேலை. காற்று காய்ந்துபோனால் நூல் அறுந்துபோகும், அதனால் மில்லுக்குள் தண்ணீரைத் தூவிய காற்றையே அனுப்புவார்கள். மூன்று வருடம் பல்லடம், அவிநாசி, உடுமலை என்று சுற்றினேன். அந்த அனுபவத்தைக் காட்டித்தான் ஷார்ஜாவில் வேலை கிடைத்தது. முதல் வருடம் மேனேஜரிடம் "யெஸ்ஸுங்க சார்" என்றுதான் பேசுவேன். அவர் பாலஸ்தீனர். கொஞ்ச நாளில் அவரே என்னை "யெஸ்ஸுங்க" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

3

தொண்ணூற்றைந்தில் என் மனைவி சாந்தாமணி உண்டானாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பதுதான் நம் வழக்கம். சாந்தாவுக்குத் தாய் இல்லை. பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டார்கள். எங்கள் அம்மாவிடமே அனுப்பிவிடலாமென்று நினைத்துக்கொண்டிருந்தபோது ஆறாம் மாதத்தில் ரத்த அழுத்தம் ஏறியது. விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படியானால் அம்மா இங்கே வரவேண்டும். வேறு ஆள் இல்லை.

மில்லில் சம்பளமில்லாத லீவு போட்டாள் அம்மா. அது சுலபமாக முடிந்தது. பாஸ்போர்ட்தான் இழுத்தது. பிறந்த தேதி என்ன என்று கேட்டால், "கம்பு அறுப்பு அன்னிக்கு" என்பாள். மில்லில் ஒரு தேதி, ரேஷன் கார்டில் ஒரு தேதி. கடைசியில் மில் தேதியே நிலைத்தது. ஷார்ஜாவில் விசாவுக்குத் தட்டச்சு செய்து தரும் கடைக்காரர், குடும்பப் பெயர் இல்லாமல் கம்ப்யூட்டர் வாங்காது என்றார். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அவர் யோசித்துவிட்டு, இருக்கிற பெயரையே இரண்டு தடவை அடித்துவிட்டார்: பழனியம்மாள் பழனியம்மாள்.

விமான நிலையத்தில் வந்திறங்கிய அம்மாவின் முகத்தில் ஒரு பெருமை. "அந்த ஆபீசரு என்னைய ரெண்டு வாட்டி பேரு சொல்லிக் கூப்புட்டாருடா. நானும் ரெண்டு வாட்டி 'ஏனுங்க'ன்னேன். சிரிச்சுப்போட்டாரு." வெளிக்கதவு திறந்து சூடு முகத்தில் அறைந்ததும் அப்படியே நின்றுவிட்டாள். "அட கெரகமே! இட்லிச் சட்டிய மூடி தொறந்தாப்பல இருக்குது. இதுக்குள்ளயா கண்ணு குடியிருக்கறீங்க?"

அன்றைக்கே நான் அதைப் பற்றிக் கொஞ்சம் விளக்கியிருந்தால்... தோன்றவில்லை. பெட்டியைத் தூக்குகிற அவசரம்.

மாமியாரும் மருமகளும் நாலே நாளில் சேர்ந்துகொண்டார்கள். அம்மா மில்லில் நடக்கும் கூத்தையெல்லாம் நடித்துக் காட்டுவாள், சாந்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். "போதுமுங்கத்தை, புள்ள உள்ளயே உருளுது." "உருளட்டும் அம்மணி, நாளைக்கு எங்கூடச் சிரிக்கோணுமல்லோ." அம்மா அவளுக்கு எண்ணெய் தேய்ப்பதும், காலைப் பிடித்துவிடுவதும், கொள்ளு ரசம் வைப்பதும்தான் வேலை. தாயில்லாப் பெண் தூங்கும்போது முகத்தில் இருந்த நிம்மதியை நான் அந்த நாட்களில்தான் பார்த்தேன்.

4

எங்களுடையது ஒரே படுக்கையறை உள்ள ஃபிளாட். ஒரே ஏசி, சன்னலில் பொருத்திய பழைய பெட்டி. ஊருக்கெல்லாம் மாடி மாடியாகக் குளிர்ச்சி வரைந்து கொடுப்பவன் வீட்டில் இருப்பது இதுவா என்று சாந்தா கேலி செய்வாள்.

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை. விடுமுறை நாள்தான், ஆனால் ஃபுஜைராவில் ஒரு கட்டடத்தை ஒப்படைக்க வேண்டியிருந்ததால் விடியற்காலையிலேயே கிளம்பிப் போய்விட்டேன். காலை பத்து மணி வாக்கில் வீட்டு ஏசி நின்றுவிட்டது. சாந்தா மெக்கானிக் கடைக்கு ஃபோன் செய்தாள். வெள்ளிக்கிழமை, சாயந்தரம்தான் ஆள் வரும் என்றார்கள். என் பேஜருக்கும் சொல்லிவிட்டாள். ஃபுஜைரா மலைகளுக்கு நடுவில் பேஜர் வேலை செய்யவில்லை.

பிறகு அந்த வீட்டுக்குள் என்ன நடந்திருக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டியதில்லை. நீங்களாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள். அம்மா சேலைகளைத் தண்ணீரில் முக்கினாள். சன்னல் கதவைத் திறந்து, பிழியாமல் கட்டினாள். படுக்கையறைத் தரையில் தண்ணீர் தெளித்தாள். கட்டிலைச் சுற்றியும் துண்டுகளை நனைத்துப் போட்டாள். சூடு குறையவில்லை என்றதும் சேலையை அவிழ்த்து மறுபடி முக்கினாள். மறுபடி தெளித்தாள்.

கடலோரத்து ஆகஸ்ட் காற்று ஏற்கெனவே வளைகோட்டுக்குப் பக்கத்தில் கிடப்பது. திறந்த சன்னல் வழியாக அது உள்ளே வர வர, உள்ளே இருந்த கொஞ்சநஞ்ச வறட்சியும் போயிற்று. தெளித்த தண்ணீர் மிச்சத்தையும் நிரப்பியது. உடம்பில் வேர்க்கிற வேர்வை காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? காய வழியில்லை. நிறைமாதத்தை நெருங்கும் பெண். மத்தியானம் எழுந்து நிற்கப் பார்த்தவள் கட்டிலோரம் சரிந்து விழுந்தாள்.

அம்மா போட்ட சத்தத்தில் எதிர் ஃபிளாட் லீலா சேச்சி ஓடிவந்தார். ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ் அவர், கோட்டயத்துக்காரர். கதவைத் திறந்தவர் முகத்தில் ஆவி அடித்ததாம். "எந்தா அம்மே இது, குளிமுறியோ?" என்று கேட்டுக்கொண்டே சாந்தாவைத் தம் வீட்டுக் குளிர்ச்சிக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கவைத்து, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். இது குளியலறையா என்ற அந்தக் கேள்வியை அவர் திட்டுவதற்காகக் கேட்கவில்லை. ஆனால் அது அம்மாவுக்குள் இறங்கிவிட்டது.

5

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். குழந்தைக்கு ஆபத்தில்லை, தாய்க்கு நீர்ச்சத்து ஏற்றியிருக்கிறோம், அழுத்தம் இறங்கியிருக்கிறது, சில நாள் இங்கேயே இருக்கட்டும் என்றார் டாக்டர். வராந்தாவுக்கு வந்தேன். கடைசி நாற்காலியில் அம்மா. சேலை முந்தானைக்குள் இரண்டு கைகளையும் சுருட்டி வைத்திருந்தாள்.

"கண்ணு, எனக்கு டிக்கெட்டப் போட்டு அனுப்பிச்சுப்போடு."

"எதுக்குங்கம்மா?"

"நாந்தான் பண்ணிப்போட்டேன். குளுரட்டும்னு தண்ணியத் தெளிச்சேன், தெளிச்சேன், அது வெந்துபோச்சு. இந்தக் கையால இனி அந்தப் புள்ளையத் தொடமாட்டேன். பொறக்கறதையும் தொடமாட்டேன். நாளைக்கு அதுக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது? எனக்கு இந்த ஊரு தெரியாது சாமி. தெரியாத ஊர்ல என் கை எதுக்கு?"

நான் பேசப் பேசத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அவள் போய்விட்டால் பிரசவ நேரத்தில் சாந்தாவோடு யார் இருப்பார்கள் என்பது எனக்குத் தெரியவில்லை. அதைச் சொன்னால் அவள் மேல் சுமையை ஏற்றுவதாக ஆகும். எழுந்து வார்டுக்குள் போனேன்.

சாந்தா விழித்திருந்தாள். "அத்தை எங்கீங்க?" என்பதுதான் முதல் கேள்வி.

"வெளிய உக்காந்திருக்கறாங்க. ஊருக்குப் போறேங்கறாங்க. சன்னல்ல சேலையக் கட்டுனது அவிங்கதானாம்..."

"நாந்தானுங்க கட்டச் சொன்னேன்!" சாந்தா எழுந்து உட்காரப் பார்த்தாள். "அத்தை ஒண்ணுதான் கட்டுனாங்க. பத்தலீங்கத்தை, இன்னொண்ணு நனைச்சுக் கட்டுங்க, தரையிலயும் தெளிங்கன்னு நாந்தான் சொன்னேன். எங்கூர்ல மே மாசம் முச்சூடும் அப்படித்தானுங்க இருப்போம். அத்தை உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

சொல்லவில்லை. மருமகள் சொன்னதைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை.

நான் கார் நிறுத்திய இடத்துக்குப் போனேன். சைட்டுக்கு எடுத்துப்போகும் பெட்டியில், காற்றைச் சோதிக்கும் கருவி இருந்தது. கோவில் கிலுகிலுப்பை மாதிரி ஒரு கைப்பிடி, அதில் சுழலும் சட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வெப்பமானிகள். ஒன்று சும்மா இருக்கும். இன்னொன்றின் நுனியில் ஈரத்துணி சுற்றியிருக்கும். அம்மாவைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தேன்.

"இது என்னன்னு தெரியுமுங்களா?"

பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. "எங்க மில்லுல மேஸ்திரி சர்ரு சர்ருன்னு சுத்திக்கிட்டு வருவாரே, அதுதான? அவரு சுத்துனா நாங்க தள்ளி நிப்போம், மண்டைல அடிச்சுப்போடுமுன்னு."

"நீங்களே சுத்துங்க."

"நானா?"

"நீங்கதான்."

முந்தானையிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. சுற்றினாள். கார் கழுவிக்கொண்டிருந்த ஒரு பட்டாணியர் வாளியை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார். நின்ற பிறகு காட்டினேன். சும்மா இருந்த வெப்பமானியில் முப்பத்தைந்து. ஈரத்துணி சுற்றியதில் முப்பத்திரண்டு.

"இந்த ஈரத்துணிதானுங்கம்மா நீங்க சன்னல்ல கட்டுன சேலை. எத்தன நனைச்சாலும், எத்தன காத்தடிச்சாலும் இந்த ஊர்ல மூணு டிகிரிக்கு மேல எறக்க முடியாது. நம்மூர்ல சித்திரைல இதையே சுத்துனா பன்னண்டு பதிமூணு டிகிரி எறங்கும். அதே சேலை, அதே தண்ணி, அதே கைதான். இங்க காத்துக்கு ஏற்கெனவே வயிறு நெறைஞ்சு கெடக்குது. நீங்க ஊட்டுனத வாங்கிக்க அதுக்கு எடமில்லை."

அம்மா இன்னொரு தடவை சுற்றினாள். தானே குனிந்து இரண்டு கோடுகளையும் பார்த்தாள். எண் தெரியும் அவளுக்கு. மில்லில் நூல் சுற்றிய கோன் எண்ணிப் பழக்கம்.

பெட்டியிலிருந்த ஈரக்காற்றுப் படத்தையும் கார் பானட்டின் மேல் விரித்தேன். "இதுல நம்மூரு எங்க இருக்குது?" என்று கேட்டாள். சித்திரை மத்தியானத்துக் கோவைக்கு ஒரு புள்ளி வைத்தேன். "நாம இப்ப நிக்கறது?" வளைகோட்டை ஒட்டி இன்னொரு புள்ளி வைத்தேன். ஒரு புள்ளியில் கட்டைவிரலையும் மற்றதில் சுண்டுவிரலையும் வைத்து அளந்தாள்.

"ஒரு சாண் கூட இல்லயே! ஏரோப்பிளேன்ல அத்தன நேரம் வந்தமே?"

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். அப்புறம் தாளையே பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள். "அப்ப என் கையில தப்பில்லங்கறே?"

"கையில இல்லீங்கம்மா. காத்து வேற."

எத்தனையோ கட்டடங்களுக்கு அந்தத் தாளை வைத்து வேலை செய்திருக்கிறேன். பெற்றவளுக்குப் பதில் சொல்ல அது உதவிய அந்த ஐந்து நிமிஷத்துக்காகவே, என்னைப் படிக்கவைத்தவர்களுக்கெல்லாம் கும்பிடு போடத் தோன்றியது. படிக்கவைத்தவர்களில் முதல் ஆள் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தாள், பானட் சுடுகிறதா என்று தொட்டுப் பார்த்தபடி.

6

ஊருக்குப் போகும் பேச்சு நின்றது. ஆனால் முழுசாகச் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். சாந்தாவை வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு அம்மா சமைத்தாள், துவைத்தாள், மில் கதை சொன்னாள். எண்ணெய் தேய்ப்பது, கால் பிடிப்பது மட்டும் நின்றுபோயிற்று. "வாங்கத்தை, சித்தெ நேரம் காலப் புடிச்சு உடுங்க" என்று சாந்தாவே கேட்டாலும், "நர்ஸம்மாகிட்டக் கேட்டுக்கலாம் அம்மணி" என்று ஏதாவது வேலையைச் சாக்குச் சொல்லி எழுந்துவிடுவாள். புத்திக்குப் புரிந்தது கைக்குப் போய்ச் சேரவில்லை. பிறக்கிற குழந்தையை எடுப்பாளா என்று நானும் சாந்தாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். கேட்கப் பயம்.

வலி வந்து சாந்தா வார்டுக்குள் போன அன்று அம்மா பிரசவ அறை வாசலிலேயே நின்றாள். லீலா சேச்சி வந்து, "மோளாணு, சுகப்பிரசவம்" என்று மகள் பிறந்ததைச் சொன்னதும் கைகூப்பினாள். சேச்சி குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டியபோது, கூப்பிய கை அப்படியே பின்னால் போயிற்று. "கட்டல்லயே போடுங்கம்மா. நான் பாத்துக்கிட்டு நிக்கறேன்." சேச்சி என்னைப் பார்த்தார். பிறகு தாமே குழந்தையை வார்டுக்குக் கொண்டுபோனார்.

வார்டில் சாந்தா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சின்னத் தொட்டில். அம்மா இரண்டடி தள்ளி நின்று குழந்தையைப் பார்த்தாள். மறுபடி முந்தானைக்குள் கைகள். குழந்தை சிணுங்கிற்று. அடங்கிற்று. மறுபடி சிணுங்கிற்று. அம்மா கொஞ்சம் முன்னால் வந்தாள். குனிந்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"ஏங்கண்ணு, இங்க வா. இந்த முடியப் பாரு."

பார்த்தேன். நெற்றியில் பூனைமுடி ஆடிக்கொண்டிருந்தது. அண்ணாந்தோம். தொட்டிலுக்கு நேர் மேலே கூரையில் காற்று இறங்கும் சல்லடை. குளிர்காற்று நேராகக் குழந்தையின் தலைமேல் விழுந்துகொண்டிருந்தது.

"நீதான படிச்சிருக்கறே? அதத் திருப்பு."

"தொட்டில நகத்திரலாமுங்கம்மா."

"எங்க நகத்துவே? அக்கட்டால பக்கத்துப் பொம்பளையோட கட்டலு. இக்கட்டால குளுகோஸ் கம்பி. மேல ஏறு."

ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறினேன். சல்லடையின் தகடுகள் இறுகிக் கிடந்தன. எவனோ பெயிண்ட் அடிக்கும்போது சேர்த்து அடித்துவிட்டான். இந்த மாதிரிச் சல்லடைகளை நான் நூற்றுக்கணக்கில் படத்தில் வரைந்திருக்கிறேன், சின்னச் சதுரத்துக்குள் நாலு அம்புக்குறி போட்டு. கையால் ஒன்றைத் திருப்பியது இல்லை. சட்டைப்பையிலிருந்த சாவியால் பெயிண்டைச் சுரண்டினேன். எந்தப் பக்கம் தள்ளினால் காற்று எதிர்ச்சுவருக்குப் போகும், அங்கிருந்து எங்கே விழும், அந்த மூலையில் படுத்திருப்பவர்களுக்கு ஆகுமா என்று மனசுக்குள் கணக்கு ஓடியது.

கீழே குழந்தை வீறிட்டது.

"ஆச்சா?"

"இருங்கம்மா, ஒரு பக்கம் அசையுது. இந்தக் கோணத்துல திருப்புனா அந்தச் செவுத்துல பட்டுத் திரும்பி..."

லீலா சேச்சி உள்ளே வந்தவர், "அய்யோ சாரே, எந்தா காணிக்குன்னது? எறங்கு!" என்று கத்தினார். ஸ்டூல் ஆடிற்று. சல்லடையைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தேன்.

தொட்டில் காலியாக இருந்தது. அம்மா சுவரோரமாகப் போய், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். குழந்தையின் தலை அவள் உள்ளங்கைக்குள் முழுசாக அடங்கியிருந்தது. மற்றொரு கை முதுகைத் தட்டிக்கொண்டிருந்தது.

"நீ பொறுமையாக் கணக்குப் போட்டுத் திருப்பு கண்ணு" என்றாள், என்னைத் திரும்பிப் பார்க்காமலே. "அதுவரைக்கும் எம்பேத்தி குளுருல கெடக்கோணுமா?"